இருபத்து மூன்று வெள்ளிக்கிழமை வெற்றிகள்

ஹிபினோ மசாகோவைத் தோற்கடிக்க முப்பத்தெட்டு விநாடிகள் போதுமாக இருந்தன. இரண்டு சுற்றுக்கும் சேர்த்து.

நகோயாவின் ஓசு கடைத்தெருவில், ஒரு கேம் சென்டரின் மூன்றாவது மாடியில், அக்டோபர் மாதத்து ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகலில் இது நடந்தது. இருவர் மோதும் சண்டை விளையாட்டில் போட்டி. அதிலும் ஆரம்பக்காரர்களுக்கு மட்டுமான போட்டி. படிக்கட்டுச் சுவரில் ஒட்டியிருந்த அறிவிப்பு 'நேற்றுத்தான் ஜாய்ஸ்டிக்கைத் தொட்டவரும் வரலாம்' என்றது. அதைப் படித்தபோது மசாகோ மனதுக்குள் சிரித்துக்கொண்டாள். நேற்றுத் தொட்ட அந்தப் பாவங்கள் போயும் போயும் தன்னிடமா மாட்டிக்கொள்ள வேண்டும் என்று இரக்கம்கூட வந்தது.

அப்படி நினைத்ததில் அவள் குற்றம் ஒன்றுமில்லை. அவளுக்கு நாற்பத்தாறு வயது. குளியலறை ஓடு செய்யும் ஒரு கம்பெனியில் தரச்சோதனைப் பிரிவின் தலைவி. ஓடுகளை விரலால் தட்டி, சத்தத்தை வைத்தே உள்ளே விரிசல் இருக்கிறதா என்று சொல்லிவிடுவாள். ஏப்ரலில் நிர்வாகம் ஊழியர் நலன் என்ற பெயரில் ஓய்வறையில் ஒரு வீடியோ கேம் பெட்டியை வாங்கி வைத்தது. வெள்ளிக்கிழமை மதிய இடைவேளையில் அவளுடைய பிரிவைச் சேர்ந்த மூன்று பேர் அதில் இதே சண்டை விளையாட்டு ஆடிக்கொண்டிருந்தார்கள். என்ன சத்தம் என்று எட்டிப் பார்க்கப் போனவள், "நானும் ஒரு கை பாக்கட்டுமா?" என்று உட்கார்ந்தாள். தனக்கான பொம்மையாக, கையில் நீளத் தடியோடு நின்ற ஒரு மொட்டைத்தலைப் பிக்குணியைத் தேர்ந்தெடுத்தாள். முதல் நாளே ஜெயித்தாள். அடுத்த வாரமும் ஜெயித்தாள். இப்படி இருபத்து மூன்று வெள்ளிக்கிழமைகளில் ஒன்றில்கூட அவள் தோற்று எழுந்ததில்லை.

மூவரில் தோபிதா என்பவன்தான் கடுமையான எதிராளி. இருபத்தொன்பது வயது, ஒல்லியான தேகம். ரப்பர் பூட்ஸ் போட்ட மீன்சந்தைக்காரனை ஆட்டுவான். முதல் சுற்றை அவன் ஜெயிப்பான், இரண்டாவதை இவள் ஜெயிப்பாள், மூன்றாவதில் திரையில் இரண்டு பேரின் மிச்ச உயிரைக் காட்டும் உயிர்க்கோடும் மயிரிழைக்கு வந்து நிற்கும்போது பிக்குணியின் தடி எப்படியோ அவன் மண்டையில் இறங்கிவிடும். "ச்சே, கொஞ்சத்துல போச்சே மேடம்" என்று தொடையில் அடித்துக்கொள்வான். அந்தச் சந்தோஷத்தில் மசாகோவுக்கு வெள்ளிக்கிழமைச் சாயங்காலம் ரயிலில் நின்றுகொண்டு போவதுகூடத் தெரியாது.

ஓசுவில் அவளைத் தோற்கடித்தவள் அசாய் யசுயோ என்கிற டாக்சி ஓட்டுநர். ஏறக்குறைய மசாகோவின் வயதுதான். ஆட்டம் முடிந்ததும் மெஷினைச் சுற்றிக்கொண்டு வந்து குனிந்து நன்றி சொன்னாள். சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். போகவில்லை.

"தப்பா எடுத்துக்காதீங்க. உங்கள இதுக்கு முன்னாடி யாருமே அடிச்சதில்லையா?"

"என்ன?"

"இல்ல, அடி வர்றப்ப நீங்க தடுக்கவே மாட்டேங்கறீங்க. தடுக்கணும்னே உங்களுக்குத் தோணல. அடி வாங்காதவங்கதான் அப்படி நிப்பாங்க. அதான் கேட்டேன்."

மசாகோ படிக்கட்டில் போய் உட்கார்ந்து, டப்பாக் காப்பி ஒன்றைத் திறந்து, குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டிருந்தாள். தோபிதாவின் ஆட்டங்கள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. மூன்றாவது சுற்று, எப்போதும் மூன்றாவது சுற்று, எப்போதும் மயிரிழை. இருபத்து மூன்று வாரமும் ஒரே மாதிரி வரும் சரக்கை வேறு யாராவது கொண்டு வந்திருந்தால் அவளே சந்தேகப்பட்டிருப்பாள். தோபிதா தோற்றுக்கொடுத்திருக்கிறான். அதுவும் கைதேர்ந்த தச்சன் இழைத்த மாதிரி, பிசிறில்லாமல். மற்ற இருவரும்தான். வாரா வாரம் அவளுக்கு ஐஸ் வைத்திருக்கிறார்கள்.

அவமானத்தில் காது சுட்டது. அதைவிட மோசமாகப் பின்னால் ஒரு பயம் வந்தது. அவள் பிரிவுத் தலைவியாகி ஆறு வருடம். இந்த ஆறு வருடத்தில் "ஆமாம் மேடம்" தவிர வேறு எதையாவது யாராவது அவளிடம் சொல்லியிருக்கிறார்களா? அவள் ஜோக் அடித்தால் எல்லோரும் சிரிக்கிறார்கள். அறிக்கை எழுதினால் பிரமாதம் என்கிறார்கள். முடி வெட்டிக்கொண்டு வந்தால் வயது குறைந்துவிட்டது என்கிறார்கள். விளையாட்டில் விட்டுக்கொடுத்தவர்கள் மற்றதில் மட்டும் விட்டுக்கொடுக்காமலா இருந்திருப்பார்கள்? தன்னுடையது என்று நினைத்ததில் எது நிஜமாகவே தன்னுடையது என்று தெரியவில்லையே என்று நினைத்தபோது அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. நாற்பத்தாறு வயதில், கேம் சென்டர் படிக்கட்டில்.

அடுத்த வெள்ளிக்கிழமை ஓய்வறையில் உட்கார்ந்ததும் அவள் சுற்றி வளைக்கவில்லை.

"தோபிதா-சான், இன்னிக்கு நிஜமா ஆடுங்க."

"எப்பவும் நிஜமாத்தானே ஆடறேன் மேடம்."

"பூசி மெழுகாதீங்க. நிஜமா ஆடணும். இது ஆர்டர்."

"சரிங்க மேடம்."

ஆர்டரை அவன் மதித்தான். அன்றைக்கு நிஜமாகவே வியர்க்க வியர்க்க ஆடினான். இரண்டு தடவை பல்லைக் கடித்தான். கடைசியில் மூன்றாவது சுற்றில், மயிரிழையில் தோற்றான். "மேடம் சீரியஸா எறங்கிட்டா நம்மால தாங்க முடியாதுப்பா" என்று மூவரில் ஒருத்தி பக்கத்தில் நின்று கைதட்டினாள்.

மசாகோவுக்குக் கோபம் தலைக்கேறியது. "அடுத்த ஆட்டத்துல நீங்க ஜெயிக்கல, ஞாயித்துக்கிழமை கிடங்குச் சோதனைக்கு உங்க பேரத்தான் போடுவேன்" என்றாள். தோபிதா ஜெயித்தான். ஒவ்வொரு உதைக்கும் ஒரு தடவை "மன்னிச்சுக்குங்க மேடம்" என்றான். கடைசி உதைக்கு எழுந்து நின்றே மன்னிப்புக் கேட்டான். மரியாதைக்குக் கொடுத்த வெற்றியும் மிரட்டி வாங்கிய தோல்வியும் ஒரே சரக்குதான் என்று அவளுக்குப் புரிந்தது. அதற்கு மேல் அவர்களைக் கேட்டுப் பிரயோசனமில்லை. வெள்ளிக்கிழமைகளில் வேலை அதிகம் என்று சொல்லிவிட்டு ஓய்வறைப் பக்கம் போவதை நிறுத்தினாள்.

ஆனால் சனிக்கிழமைகளில் ஓசுவுக்குப் போனாள். அங்கே மெஷின்கள் முதுகோடு முதுகு ஒட்டி நிற்கும். நம் திரை நமக்கு, அவர் திரை அவருக்கு. எதிரே உட்கார்ந்து அடிப்பவர் யார் என்று தெரியாது. அடி வாங்குவது பிரிவுத் தலைவியா பெட்டிக்கடைக்காரியா என்று அவருக்கும் தெரியாது. மசாகோவுக்கு வேண்டியதும் அதுதான். திரையில் வருவதற்கு ஒரு பெயர் கேட்டபோது 'ஓடு' என்று கொடுத்தாள்.

தோற்றாள். நன்றாகத் தோற்றாள். வீட்டில் வீடியோ பார்த்து, பன்னிரண்டு அடி தொடர்ச்சியாக விழும் வித்தை ஒன்றை இரண்டு வாரம் பழகிக்கொண்டு வந்தாள். மெஷினில் ஆள் இல்லாதபோது அது அழகாக வந்தது. ஆள் உட்கார்ந்ததும் முதல் அடிக்கே வழியில்லை.

அசாய் யசுயோ இதைப் பின்னால் நின்று பார்த்துவிட்டாள். சனிக்கிழமை அவளுக்கு ஓட்டம் இல்லாத நாள்.

"பன்னெண்டு அடியும் பிரமாதம்தான். மொத அடி எப்பப் படும்?"

"கிண்டல் பண்ணாதீங்க."

"கிண்டல் பண்ண வேற யாரு இருக்கா எனக்கு? பயணிங்ககிட்டப் பண்ண முடியுமா? சரி, இன்னிக்கு முழுக்க பட்டனையே தொடாதீங்க. ஜாய்ஸ்டிக்கப் பின்னால இழுத்துத் தடுக்க மட்டும் செய்யுங்க."

"தடுத்துக்கிட்டே இருந்தா எப்படி ஜெயிக்கறது?"

"யாரு ஜெயிக்கச் சொன்னா? தோக்கறதுக்குக் கொஞ்சம் நேரம் எடுத்துக்குங்கன்னுதான் சொல்றேன். அந்த முப்பத்தெட்ட மொதல்ல ஒரு நிமிஷமாக்குங்க."

சொல்லிவிட்டு எதிர்ப்பக்கம் போய் உட்கார்ந்து அவளை வெளுத்து வாங்கினாள். மசாகோ தடுத்தாள். தடுக்கத் தடுக்க, அதுவரை சத்தமும் வெளிச்சமுமாகக் கலங்கித் தெரிந்த திரையில் ஆள் எங்கே நிற்கிறான், எந்தக் காலைத் தூக்குகிறான் என்பதெல்லாம் தனித்தனியாகத் தெரிய ஆரம்பித்தது. பட்டனை அமுக்கிக்கொண்டே இருப்பவருக்குப் பார்க்க நேரமிருக்காது என்பது அன்றைக்குத்தான் அவளுக்கு உறைத்தது. அன்று அவளுடைய மிக நீண்ட தோல்விக்கு எழுபத்தொரு விநாடி பிடித்தது. சந்தோஷத்தில் அசாய்க்கு வறுத்த இறாலை நடுவில் வைத்த சோற்று உருண்டைப் பொட்டலம் ஒன்று வாங்கிக் கொடுத்தாள்.

"தோத்துட்டு விருந்து வைக்கற மொத ஆளு நீங்கதான்" என்றாள் அசாய், வாய் நிறைய.

தோல்விக்குக் காரணம் எழுதி வைக்கும் பழக்கம் மசாகோவுக்கு வேலையிலிருந்தே ஒட்டிக்கொண்டது. முதல் நாள் ஒரு ஆட்டத்துக்குப் பத்துக் காரணம் எழுதினாள். அசாய் நோட்டைப் பிடுங்கிப் பார்த்து, ஒன்பதை அடித்துவிட்டாள். "ஒரு தோல்விக்கு ஒரு காரணம் போதும். பத்தையும் சரி பண்றேன்னு போனா பத்தும் அப்படியேதான் கெடக்கும். எங்க டாக்சிக்காரங்கள்ல புதுசா வர்றவங்க அப்படித்தான், ஒரே நாள்ல ஊரையே மனப்பாடம் பண்ணப் பாப்பாங்க." அதற்கப்புறம் ஒரு வரிதான். 'எழுந்தவுடன் அடித்தேன்.' 'பயந்து பின்னாலேயே போய் மூலையில் மாட்டினேன்.' 'அவர் குதித்ததைப் பார்த்தேன், கை வரவில்லை.' கை வரவில்லை என்று மூன்று சனிக்கிழமை எழுதினாள். நாலாவது சனிக்கிழமை, ஜெயிப்பதைப் பற்றி யோசிக்காமல், குதிப்பவனை ஒரு குத்து விடுவது மட்டுமே இன்றைய வேலை என்று வைத்துக்கொண்டாள். எல்லா ஆட்டத்திலும் தோற்று, ஒன்பது பேரைக் குத்திக் கீழே தள்ளிவிட்டு வீடு போனாள்.

குளிர்காலம் இப்படியே போனது. பிப்ரவரியில் முதல் வெற்றி வந்தது. பிறகு நாலு தோற்றால் ஒன்று ஜெயிக்கலாம் என்று ஆனது. ஆனாலும் அவள் நெஞ்சின் ஓரத்தில் அந்தப் பழைய முள் அப்படியே இருந்தது. இங்கே அவளை யாருக்கும் தெரியாது, அதனால் அடிக்கிறார்கள். தெரிந்தவர்கள்? அலுவலகத்தில் நாளெல்லாம் ஆமாம் மேடம், ஆமாம் மேடம். தன்னைத் தெரிந்த ஒரே ஒரு ஆள் தன்னை நிஜமாக அடிக்க மாட்டானா என்று அவள் ஏங்கினாள். வெளியே சொன்னால் சிரிப்பார்கள், அதனால் அசாயிடம்கூடச் சொல்லவில்லை.

மார்ச்சில், ஊரையே தும்ம வைக்கும் மகரந்தம் பறக்க ஆரம்பித்தது. ஊரே முகமூடி போட்டுக்கொண்டு மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்த ஒரு சனிக்கிழமை மதியம், எதிர்ப்பக்கம் ஒருவர் காசு போட்டு உட்கார்ந்தார். திரையில் வந்த பெயர் 'புளிச்ச டோஃபு'. தரவரிசையில் அவளைவிட ஏழெட்டுப் படி மேலே இருந்த ஆள். மீன்சந்தைக்காரன் இறங்கினான். சுற்று ஆரம்பித்ததும் ஒரு எட்டுப் பின்னால் போய், சட்டென்று இரண்டு எட்டு முன்னால் வந்தான்.

மசாகோவின் கை ஜாய்ஸ்டிக்கில் அப்படியே நின்றது. அந்த ஒன்று பின்னால், இரண்டு முன்னால் நடையை அவள் இருபத்து மூன்று வெள்ளிக்கிழமை பார்த்தவள். ஆயிரம் பேருக்கு நடுவிலும் அடையாளம் சொல்வாள். தோபிதா.

யோசிக்க நேரம் கொடுக்காமல் அவன் அடித்தான். அலுவலகத்தில் அவள் ஒருநாளும் பார்த்திராத அடி. காலை வாரி, தூக்கி, சுவரில் மோத வைத்து, கீழே விழுந்தவளை எழுந்திருக்க விடாமல் மறுபடி அடித்தான். மன்னிப்பு எதுவும் வரவில்லை. ஆட்டம் முடிந்தபோது முகமூடிக்குள் அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். எத்தனை நன்றாக ஆடுகிறான் இந்தப் பையன், இதையா என்னிடம் ஒளித்து வைத்திருந்தான் என்று நினைத்தாள்.

அவள் பக்கத்தில் காத்திருப்பவர் யாருமில்லை. அடுத்த காசைப் போட்டாள். தோற்றாள். அடுத்தது. தோற்றாள். ஏழு ஆட்டம் வரிசையாகத் தோற்றாள். ஆறாவது ஆட்டத்தின் நடுவில் அவள் ஒன்றைக் கவனித்தாள். ஏழாவதில் அதைச் சரிபார்த்தாள். கீழே விழுந்தவள் எழுந்திருக்கும்போது அவன் ஒவ்வொரு தடவையும் அவள் தலைக்கு மேலே தாண்டிக் குதித்து முதுகுப் பக்கமாக அடிக்கிறான். ஒவ்வொரு தடவையும். வேறு எதுவும் செய்வதில்லை. ஒரே அச்சில் வார்த்த ஓடுகளில் ஒரே இடத்தில் வரும் விரிசல் மாதிரி. அதைக் கண்டுபிடிப்பதற்குத்தான் கம்பெனி அவளுக்குச் சம்பளம் கொடுக்கிறது.

எட்டாவது ஆட்டம் ஆரம்பிக்கும் நேரம் பார்த்து அவளுக்குத் தும்மல் வந்தது. மசாகோவின் தும்மல் சாதாரணத் தும்மல் இல்லை. மூன்று கட்டமாக வரும், கடைசிக் கட்டத்தில் மேஜை அதிரும், அலுவலகத்தில் அதற்குத் தனிப் பெயரே உண்டு என்று கேள்வி. எதிர்ப்பக்கத்தில் மீன்சந்தைக்காரன் ஒரு கணம் அசையாமல் நின்றான்.

அப்புறம் ஆட்டம் நடந்தது. அவன் அடித்தான், அவள் விழுந்தாள், அவன் தாண்டிக் குதித்தான், எழுந்துகொண்டே அவள் தடியை நேராக மேலே குத்தினாள். விழுந்தான். மறுபடி குதித்தான், மறுபடி குத்தினாள். மூன்றாவது சுற்றில், உயிர்க்கோடு மயிரிழைக்கு வந்தபோது, அவன் இன்னொரு தடவை குதித்தான். தடி அவன் தாடையில் இறங்கியது.

ஜெயித்துவிட்டாள். அந்தச் சந்தோஷம் ஒரு மூச்சு நேரம்கூட நிற்கவில்லை. மூன்றாவது சுற்று, மயிரிழை. தும்மலைக் கேட்டிருப்பான். தும்மலிலேயே ஆளைக் கண்டுபிடித்து, மறுபடியும் அவளுக்குத் தோற்றுக்கொடுத்துவிட்டான். ஐந்து மாதமாகச் சனிக்கிழமை சனிக்கிழமையாக அடி வாங்கி, கடைசியில் வந்து நிற்பது அதே ஓய்வறை நாற்காலியிலா?

எதிர்ப்பக்க மெஷினில் காசு விழும் ஓசை கேட்டது.

"அண்ணே, நாங்க மூணு பேரு நிக்கறோம்" என்றது ஒரு குரல், அந்தப் பக்கத்திலிருந்து.

"தெரியும் தம்பி, ஒரே ஒரு ஆட்டம். கால்ல வேணா விழறேன்."

"தோத்தா எந்திரிக்கணும்ணே."

"எந்திரிக்கறேன்யா! எவன்டா அது அந்தப் பக்கம், மரக்கட்ட மாதிரி நின்னுக்கிட்டு உயிர வாங்கறான்? விழுந்து விழுந்து எந்திரிச்சு அதே குத்து. ஏழு ஆட்டம் நல்லாத்தானே வாங்குச்சு அந்த மொட்டத்தல!"

தோபிதாவின் குரல்தான். பின்னால் ஆள் நிற்கும்போது தோற்றவன் எழுந்து இடம் விட வேண்டும். உட்கார்ந்த இடத்திலேயே அடுத்த காசைப் போடுவதைவிட அசிங்கம் அந்த மாடியில் வேறில்லை. தோபிதா லிஃப்டில்கூட எல்லோரும் இறங்கிய பிறகு இறங்குகிறவன். விட்டுக்கொடுத்துத் தோற்றவனுக்கு இப்படி மானம் மரியாதை மறந்துபோகுமா? போகாது. அவனுக்கு எரிகிறது. நிஜமாகவே எரிகிறது. அப்படியானால் அவள் நிஜமாகவே ஜெயித்திருக்கிறாள்.

மசாகோ முகமூடியைக் கழற்றிவிட்டு மூச்சை இழுத்து விட்டாள். மார்பின் மேல் யாரோ மாதக்கணக்காக வைத்திருந்த மூட்டையை எடுத்துக்கொண்ட மாதிரி இருந்தது. 'மரக்கட்டை' என்று தனக்குள் ஒரு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டாள். ஆறு வருடத்தில் அலுவலக ஆள் ஒருவரிடமிருந்து அவளுக்குக் கிடைத்த முதல் கலப்படமில்லாத வார்த்தை அது.

காரியத்தைக் கெடுத்தவள் அசாய். அப்போதுதான் மாடியேறி வந்தவள் திரையைப் பார்த்துவிட்டு, "ஹிபினோ-சான்! புளிச்ச டோஃபுவ சாச்சுட்டீங்களே!" என்று கடைத்தெரு வரைக்கும் கேட்கிற குரலில் கத்தினாள்.

எதிர்ப்பக்கம் நாற்காலி கீழே விழுந்தது. மெஷினைச் சுற்றிக்கொண்டு ஓடி வந்த தோபிதாவின் முகத்தில் ரத்தமே இல்லை. இடுப்பு வரைக்கும் குனிந்தான்.

"மேடம்... அந்த மரக்கட்ட... மொட்டத்தலன்னு நான் சொன்னது, அந்தப் பிக்குணியத்தான்..."

"காசு போட்டாச்சு. போய் உக்காருங்க, ஆளுங்க நிக்கறாங்க."

"மேடம், நான் வேணா..."

"உக்காருங்க."

அவன் போய் உட்கார்ந்தான். இத்தனை நேரம் அடித்தது யாரோ ஒருத்தியை. இனிமேல் அவனுக்கு எதிரே இருப்பது மேடம். சுற்று ஆரம்பித்தது. மீன்சந்தைக்காரன் ஒரு எட்டுப் பின்னால் போனான், முன்னால் வரவேயில்லை. சும்மா நின்றான். நடுவில் ஒரு உதையை யாருக்கும் படாத இடத்தில் விட்டான். மசாகோ தடியால் தட்டினாள், பொத்தென்று விழுந்தான். ஓய்வறை திரும்பி வந்துவிட்டது. அவளுக்கு ஆத்திரமும் துக்கமும் ஒன்றாக வந்தன. கேட்டுப் பார்த்தாகிவிட்டது, ஆர்டர் போட்டுப் பார்த்தாகிவிட்டது, மிரட்டியும் பார்த்தாகிவிட்டது. வேறு என்னதான் மிச்சமிருக்கிறது?

ஒன்று மிச்சமிருந்தது. சுற்று முடிந்து அடுத்தது ஆரம்பிப்பதற்குள் இரண்டு விநாடி பொம்மை நம் சொல்படி ஆடும். மசாகோ பிக்குணியைக் கீழே கிடந்த மீன்சந்தைக்காரனின் முகத்துக்கு நேரே கொண்டு போய் நிறுத்தி, உட்கார்ந்து எழுந்து, உட்கார்ந்து எழுந்து, உட்கார்ந்து எழுந்து காட்டினாள். விழுந்தவன் முகத்துக்கு நேரே அதைச் செய்வதற்கு, அந்த மாடியில், ஒரே ஒரு அர்த்தம்தான், வேண்டுமென்றே அவமானப்படுத்துவது. கண்ணியமான மனிதர்கள் செய்ய மாட்டார்கள். நாற்பத்தாறு வயதுப் பிரிவுத் தலைவிகள் நிச்சயமாகச் செய்ய மாட்டார்கள்.

"ஐயையோ" என்றாள் அசாய்.

எதிர்ப்பக்கம் நின்ற மூன்று பேரும் ஓவென்று கூவினார்கள். "அண்ணே, ஒங்க மூஞ்சிலயே உக்காந்துட்டாங்கண்ணே!"

இரண்டாவது சுற்றில் மீன்சந்தைக்காரன் ஒரு எட்டுப் பின்னால் போனான். இரண்டு எட்டு முன்னால் வந்தான்.

அதற்கப்புறம் நடந்ததை ஆட்டம் என்று சொல்ல முடியாது. மசாகோ விழுந்தாள். எழுந்துகொண்டே தடியை மேலே குத்தினாள், மேலே யாருமில்லை. அவன் இந்தத் தடவை குதிக்கவில்லை. காத்திருந்து, குத்து முடிந்ததும் காலை வாரினான். இரண்டாவது சுற்று போனது. மூன்றாவதில் அவளுடைய உயிர்க்கோடு பாதி இருக்கும்போதே அவன் அவளைத் தூக்கி இரண்டு தடவை தரையில் அடித்து முடித்துவிட்டான். மயிரிழைக்கு வரவேயில்லை.

தோபிதா எழுந்து வந்தான். இந்தத் தடவை குனியவில்லை. கழுத்தெல்லாம் வியர்வை, இன்னும் மூச்சு வாங்கியது. அவன் மேடத்தைப் பார்த்துப் பேசவில்லை. தன்னைக் கடுப்பேற்றிய எதிராளியைப் பார்த்துப் பேசினான்.

"நீங்க பிடிக்கறதே இல்ல. நான் மலை மாதிரி தடுத்துக்கிட்டு நிக்கறேன், அந்தத் தடுப்பு மேலயே தட்டிக்கிட்டு இருக்கீங்க. தடுக்கறவனப் பிடிச்சுத் தூக்கிப் போடணும். ஒம்பது ஆட்டத்துல ஒரு தடவையாவது பிடிச்சீங்களா?"

"இல்ல."

"அப்புறம், ஒரு குத்து பலிச்சிட்டா அதையே திருப்பித் திருப்பி குத்தறீங்க. நான் மாத்திக்க மாட்டேனா?"

"சரி" என்றாள் மசாகோ. "வேற?"

தோபிதா வாயைத் திறந்தான், மூடினான். அவன் முகத்தில் அலுவலகம் திரும்பி வரப்போவது தெரிந்தது. மசாகோ அவனையே பார்த்துக்கொண்டு அசையாமல் இருந்தாள்.

"வேற... செவ்வாய்க்கிழமை காலை மீட்டிங் மேடம். ஒன்றரை மணி நேரம். அதுல விஷயம் இருக்கறது இருபது நிமிஷம்தான். ரெண்டு வருஷமா எங்களுக்குள்ள பேச்சு இதுதான்."

அந்த அடி வலிக்கத்தான் செய்தது. செவ்வாய்க்கிழமை மீட்டிங் அவள் பெருமையாக நினைத்த விஷயம். ஆனால் வலி போன கையோடு உடம்பெல்லாம் தளர்ந்து, இறுக்கிக் கட்டிய எதையோ அவிழ்த்த மாதிரி ஒரு சுகம் வந்தது. இருபது நிமிஷம் என்றால் இருபது நிமிஷம். குறை எங்கே என்று தெரிந்துவிட்டால் சரிசெய்துவிடலாம். தெரியாமல் இருந்ததுதான் அவளை இத்தனை மாதம் தூங்க விடவில்லை.

"என் ஜோக்கெல்லாம்?"

"அத இன்னிக்கே சொல்லணுமா மேடம்?"

அசாய் அதற்குள் மெஷினில் உட்கார்ந்துவிட்டாள். "தோத்தவங்க எந்திரிங்க, எந்திரிங்க. ஒங்க ஆபீஸ் கதைய வெளிய வெச்சுக்குங்க."

மசாகோ தோபிதாவை அழைத்துக்கொண்டு படிக்கட்டுக்குப் போனாள். கீழே இறங்கி இறால் சோற்று உருண்டை இரண்டு பொட்டலம் வாங்கி வந்து ஒன்றை அவனிடம் கொடுத்தாள். முதலில் தயங்கினான். பிறகு மீட்டிங்கிலிருந்து ஆரம்பித்து, அவள் அறிக்கைகளின் நீளம், விடுமுறை கேட்டால் அவள் பெருமூச்சு விடும் விதம், தும்மலுக்கு அலுவலகம் வைத்திருக்கும் பெயர் என்று ஒவ்வொன்றாகச் சொன்னான். சொல்லச் சொல்ல அவளுக்கு நன்றாகப் பசி எடுத்தது. ஒரு மணி நேரம் கழித்தும் அவன் முடித்தபாடில்லை, அவள் இன்னொரு பொட்டலம் வாங்க இறங்கிப் போனாள்.